நூற்புழுவைத் தின்னும் நூற்புழு: மோனோங்கஸின் வாயும் வாழ்வும்

கேள்வி இதுதான்: "தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. நூற்புழு என்கிறார்கள். நூற்புழுவைப் பிடித்துத் தின்னும் நூற்புழுவும் மண்ணிலேயே உண்டு என்று படித்தேன். உண்மையா? அது எப்படி இருக்கும், எப்படிப் பிடிக்கும்? வாங்கி வந்து பாத்தியில் விட முடியுமா?"

உண்மைதான். உங்கள் பாத்தியிலேயே இப்போது சில இருக்கக்கூடும். ஆனால் அதைக் கடையில் வாங்கி வந்து விட முடியாது. 'நன்மை செய்யும் நூற்புழு' என்று பொட்டலத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஸ்டெய்னர்நெமா, ஹெட்டிரோராப்டைட்டிஸ் என்ற இரண்டு வகைகள். அவை பூச்சிகளின் புழுப்பருவத்துக்குள் நுழைந்து, தாங்கள் குடலில் சுமந்து வரும் பாக்டீரியாவை அங்கே விட்டு, பூச்சியைக் கொல்பவை. வெள்ளை வேர்ப்புழுவுக்கு அவை பயன்படும். நூற்புழுவைப் பிடித்துத் தின்பது அவற்றின் வேலை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்த வேட்டைக்கார நூற்புழுவை ஏன் புட்டியில் அடைத்து விற்க முடியவில்லை என்பதற்குப் பதில் அதன் உடம்பில்தான், முக்கியமாக அதன் வாயில்தான் இருக்கிறது. அதனால் உடம்பைப் பார்த்துவிட்டு வயலுக்கு வருவோம்.

மண்ணில் மற்ற நூற்புழுக்களைத் தின்று வாழ்பவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. டோரிலைமஸ் வகையறாவில் பல, வாயில் உள்ள ஈட்டியால் குத்தி உறிஞ்சும். செய்னுரா என்ற சிறியது ஒன்று ஊசியைச் செருகி உமிழ்நீரைச் செலுத்தும். சில நொடிகளில் இரை அசைவற்றுப் போகும். டிப்ளோகாஸ்டர் வகையறா பாக்டீரியாவும் தின்னும், புழுவும் தின்னும். இவற்றோடு நான்காவதாக மோனோங்கஸ் வகையறா இருக்கிறது. விழுங்கித் தின்னும் வேட்டைக்காரர்கள் இவர்கள்தான். எனக்கு நன்றாகத் தெரிந்ததும், மனதுக்கு நெருக்கமானதும் இந்தக் கூட்டம் என்பதால் இதையே விரிவாகச் சொல்கிறேன்.

மோனோங்கஸ் என்ற பெயரை 1865இல் வைத்தவர் ஆங்கிலேயரான ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன். 'ஒற்றைக் கொக்கி' என்று கிரேக்கத்தில் பொருள். கொக்கி என்பது அதன் பல். அவர் அன்று மோனோங்கஸ் பாப்பிலேட்டஸ் என்று விவரித்த இனத்துக்கு இன்றைய பெயர் கிளார்கஸ் பாப்பிலேட்டஸ். 1970இல் அப்படிப் பிரித்து வைத்தவர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஷமீம் ஜைராஜ்புரி. இந்தக் கூட்டம் முழுவதையும் மோனோங்கிடா என்று தனி வரிசையாக்கியதும் அவரே. வேட்டை நூற்புழுக்களின் நடத்தையைப் பற்றி உலகம் அறிந்ததில் கணிசமான பங்கு அலிகாரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

சரி, உடம்பு. பெரும்பாலான மோனோங்கஸ்கள் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளம். சில இன்னும் நீளும். தடிமன் தலைமுடியைவிடச் சற்றுக் குறைவு. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு என்பதால் உயிரோடு இருக்கும்போதே உள்ளுறுப்புகள் எல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். உங்கள் தக்காளி வேரைத் தேடி மண்ணில் அலையும் வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு இதன் பக்கத்தில் மிகச் சிறியது: ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீளம், தடிமன் 15 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மலைப்பாம்பின் பக்கத்தில் ஒரு புழுப்பாம்பை வைத்துப் பார்ப்பது போல இருக்கும்.

உடம்பின் அமைப்பு குழாய்க்குள் குழாய். வெளியே புறத்தோல், உள்ளே வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரு உணவுக்குழாய், இரண்டுக்கும் நடுவே அழுத்தத்தோடு நிற்கும் திரவம். எலும்பு கிடையாது. அந்த அழுத்தம்தான் எலும்பு. காற்றடித்த சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இறங்கினால் துவண்டு போகும், நிறைந்தால் விறைப்பாக நிற்கும். நுரையீரல், இதயம், இரத்தம் எதுவும் இல்லை. இந்த அளவு உடம்புக்கு ஆக்ஸிஜன் தோல் வழியே கசிந்து வந்தாலே போதும்.

மண்புழுவுக்கு நீளவாக்கில் ஒரு தசை, வளையமாக ஒரு தசை என இரண்டு உண்டு. அதனால் அது நீண்டு சுருங்கி நகரும். நூற்புழுவுக்கு வளையத் தசை இல்லை, நீளவாக்குத் தசை மட்டுமே. ஆகவே அதனால் நீளவும் முடியாது, சுருங்கவும் முடியாது, வளைய மட்டுமே முடியும். அதிலும் வளைவு முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையில்தான் என்பதால், ஒரு பரப்பில் ஊரும்போது அது ஒருக்களித்துப் படுத்தபடியே ஊர்கிறது. இன்னொரு விந்தை: நம் உடம்பில் நரம்பு போய்த் தசையைத் தொடும், நூற்புழுவில் தசை செல் தன் கையை நீட்டி நரம்பைத் தொடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்து இன்னொரு புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன். அதுவே உண்மை.

வளைந்து ஊர எதையாவது உந்தித் தள்ள வேண்டும். மண்துகள்களும், அவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நீர்ப்படலமும்தான் அதற்குப் பிடிமானம். அந்த நீர்ப்படலம் காய்ந்தால் வேட்டை நின்றுவிடும். நூற்புழு மண்ணில் வாழ்கிறது என்று சொல்கிறோம், ஆனால் உண்மையில் அது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரில் வாழ்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி வாய். தலையின் நுனியில் ஆறு உதடுகள். அவற்றின் மேல் இரண்டு வட்டமாகப் பதினாறு சிறு உணர்முடிச்சுகள்: உள் வட்டத்தில் ஆறு, வெளி வட்டத்தில் பத்து. இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக ஆம்ஃபிட் என்ற சிறு குழிகள். நம் மூக்குக்கு நிகரானவை, கரைந்திருக்கும் வேதிப்பொருள்களை உணர்பவை. மோனோங்கஸில் இந்தக் குழிகள் சிறியவை. கண் இல்லை.

உதடுகளைத் தாண்டினால் பீப்பாய் வடிவ வாய்க்குழி. மற்ற நூற்புழுக்களில் வாய் ஒரு மெல்லிய குழல். இதிலோ கெட்டியான தகடுகளால் கட்டப்பட்ட ஒரு சின்ன அறை. அதன் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து முன்னோக்கி நீண்டு நிற்கிறது அந்த ஒற்றைப் பல். எதிர்ச் சுவரில் என்ன இருக்கிறது என்பது பேரினத்துக்குப் பேரினம் மாறும். பிரியோங்குலஸில் ரம்பம் போல் பல் வைத்த வரம்புகள். அனடோங்கஸில் ஒன்றுக்குப் பதில் மூன்று பற்கள், மூன்றும் நுனி பின்னோக்கி வளைந்தவை. தூண்டிலின் முள் போல உள்ளே போனது வெளியே வராது. வெப்ப நாட்டு மண்ணில், இந்தியாவிலும், அடிக்கடி கண்ணில் படும் மைலோங்குலஸின் வாயில் கொக்கியாக வளைந்த பெரிய பல்லுக்கு எதிரே வரிசை வரிசையாகப் பொடிப் பற்கள், ஆசாரியின் அரம் போல. நுண்ணோக்கியின் கீழே இந்த அரத்தைப் பார்த்தால் எந்தப் பேரினம் என்று சந்தேகமே வராது.

வாய்க்குழியின் அடியைக் கவ்விப் பிடித்தபடி தொடங்குகிறது தொண்டைக்குழல். தலையிலிருந்து உடம்பின் கால்வாசி வரை ஒரே தடிமனான தசை உருளை. அதன் நடுத்துளை முக்கோண வடிவம். சாதாரணமாக அது மூடியே இருக்கும். ஆரத் தசைகள் சுருங்கினால் மூன்று பக்கமும் விரிந்து திறக்கும். திறக்கிற அந்தக் கணத்தில் உறிஞ்சு விசை பிறக்கிறது. ஒரு பம்பு என்றே சொல்லலாம். செரிமானச் சுரப்பிகள் ஐந்தும் இந்தக் குழலின் பின்பகுதியில் திறக்கின்றன, பல்லின் வழியாக அல்ல. ஆகவே மோனோங்கஸின் பல் பாம்பின் விஷப்பல் போன்றது இல்லை. கிழிப்பதற்கான கருவி அது. கொல்வது கிழிசலும் உறிஞ்சலும்தான்.

வேட்டை எப்படி நடக்கிறது? ஏகார் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய ஆய்வுக்கூடத் தகட்டில் விட்டுப் பார்த்தால் ஊர்ந்துகொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவும். இரை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் அதை நோக்கித் திரும்பாது. கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். உதடு இரையின் மேல் பட வேண்டும். அதிலும் இரையின் உடம்புக்குக் குறுக்கே, ஏறக்குறைய செங்குத்தாகப் பட்டால்தான் பிடி விழும். பட்டதும் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன, தொண்டைக்குழல் ஒரு முறை இழுக்கிறது, இரையின் தோல் வாய்க்குழிக்குள் புடைத்து வருகிறது, புடைத்த இடத்தில் பல் இறங்குகிறது. தோல் கிழிந்ததும் உள்ளழுத்தம் போய் இரை துவண்டுவிடும். காற்றுப் போன டியூப் கதைதான். அப்புறம் சின்ன இரையானால் முழுசாக விழுங்கிவிடும். நூடுல்ஸை உறிஞ்சுவது போல ஒரு முனையிலிருந்து உள்ளே போகும், குடலுக்குள் போன பின்னும் சில நேரம் நெளிவது தெரியும். பெரிய இரையானால் துண்டாக்கும், அல்லது உள்ளிருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடும்.

வாசனை பிடித்து இரையைத் தேடிப் போகும் திறன் டிப்ளோகாஸ்டர் வகையறாவில் தெளிவாகக் காணப்படுகிறது. மோனோங்கஸில் அது பலவீனம். பெரும்பாலும் தற்செயலாக முட்டிக்கொள்வதுதான் வழி. இருட்டறையில் கையை நீட்டித் துழாவி ஒருவரைப் பிடிப்பது போல. அறையில் ஆள் நிறைய இருந்தால் பிடிபடுவார்கள், குறைந்தால் கை வெறுமையாகவே திரும்பும்.

எல்லா இரையும் பிடிபடுவதில்லை. சில நூற்புழுக்களுக்குத் தோல் தடிப்பு. வளைய வளையமாகக் கெட்டியான கவசம் போட்ட கிரிக்கோனெமா வகையறாவின் மேல் உதடு சரியாகப் படியவே படியாது. வேறு சில, உதடு தொட்டதும் படக்கென்று உதறிக்கொண்டு ஓடிவிடும். அதிகம் சிக்குபவை மெல்லிய தோலோடு மெதுவாக ஊரும் குஞ்சுகள், முக்கியமாக வேர்முடிச்சு நூற்புழு, முட்டைக்கூடு நூற்புழுவான ஹெட்டிரோடெரா போன்றவற்றின் இரண்டாம் பருவக் குஞ்சுகள். மோனோங்கஸ் நூற்புழு மட்டும்தான் தின்னும் என்றும் நினைக்காதீர்கள். ரோட்டிஃபர், சிறு வெண்புழு, நீர்க்கரடி, ஒற்றைச்செல் உயிர்கள் எதுவானாலும் வாய்க்கு அடங்கினால் இரைதான். இரைக்குத் தட்டுப்பாடு வந்தால் தன் இனத்தையே தின்னும். இளம் பருவத்தில் சில இனங்கள் பாக்டீரியாவைக் கொண்டும் வளர்கின்றன.

எதைத் தின்றது என்பதற்கு அதன் குடலே சாட்சி. செரிக்காத பகுதிகள், அதாவது இரையின் வாய் ஊசி, ஆணின் இனச்சேர்க்கை முள், பல் போன்ற கெட்டியான உறுப்புகள், குடலில் அப்படியே கிடக்கும். செடி நூற்புழுவின் ஊசி மோனோங்கஸின் குடலில் கிடப்பதைப் பார்த்துத்தான் இதைப் பயிர்க்காவலுக்குப் பயன்படுத்தலாமே என்ற ஆசை முதலில் மனிதர்களுக்கு வந்தது.

வாலைப் பற்றியும் இனப்பெருக்கத்தைப் பற்றியும் சுருக்கமாக. பல இனங்களின் வாலில் மூன்று சுரப்பிகளும் நுனியில் ஒரு துளையும் உண்டு. அதிலிருந்து வரும் பசையால் வாலை ஒட்டிக்கொண்டு முன்னுடம்பை நீட்டித் துழாவ முடியும். கிளார்கஸ் பாப்பிலேட்டஸில் ஆண் மிக அரிது. பெண்கள் ஆணின்றியே முட்டையிடுகின்றன. முட்டை உடம்போடு ஒப்பிடும்போது பெரியது, ஒரு நேரத்தில் கருப்பையில் ஒன்றிரண்டுதான் இருக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு நான்கு முறை தோலுரித்துப் பெரிதாகும். ஒவ்வொரு முறையும் வாய்க்குழியின் தகடுகளையும் பல்லையும் உதறிவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். தோலுரிக்கப் போகும் குஞ்சைப் பார்த்தால், பழைய பல்லுக்குப் பின்னால் புதிய பல் தயாராக நிற்பது தெரியும்.

இப்போது ஆசை வந்த கதை. அமெரிக்க வேளாண்துறையில் இருந்த நேதன் அகஸ்டஸ் காப், நூற்புழுவியல் என்ற துறைக்குப் பெயர் வைத்தவர், 1917இல் மோனோங்கஸ்களைப் பற்றி நீண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சர்க்கரைவள்ளி அல்ல, சர்க்கரை பீட் என்ற கிழங்குப் பயிரைக் முட்டைக்கூடு நூற்புழு அப்போது அமெரிக்காவின் மேற்கில் பாழாக்கிக்கொண்டிருந்தது. இந்த வேட்டைக்காரர்களை வளர்த்து வயலில் விட்டால் என்ன என்பது காப்பின் யோசனை. பூச்சியைப் பிடிக்கும் பூச்சியை நாடுவிட்டு நாடு கொண்டு போவது போல மோனோங்கஸையும் இடம்விட்டு இடம் கொண்டு போகலாம் என்று 1920இல் மீண்டும் எழுதினார்.

1922இல் ஸ்டெய்னர், ஹைன்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிளார்கஸ் பாப்பிலேட்டஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து எண்ணிப் பார்த்தார்கள். இரையாகக் கொடுத்தது அன்று ஹெட்டிரோடெரா ராடிசிகோலா என்று அழைக்கப்பட்ட புழு. அதுதான் உங்கள் தக்காளி வேரில் முடிச்சுப் போடும் வேர்முடிச்சு நூற்புழு. மெலாய்டோகைன் என்ற இன்றைய பெயர் 1949இல்தான் நிலைத்தது. ஒரே ஒரு மோனோங்கஸ் ஏறக்குறைய 12 வார வாழ்நாளில் 1332 நூற்புழுக்களைக் கொன்றது. ஒரு நாளில் 83 கூட. இந்த எண் அதன் பிறகு நூறு ஆண்டாக ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் வருகிறது. நீங்கள் படித்ததும் அநேகமாக இதைத்தான்.

ஆனால் அமெரிக்க மாநிலமான உட்டாவின் பீட் வயல்களில் வருடக்கணக்கில் மண்ணெடுத்துப் பார்த்த ஜெரால்ட் தோர்ன் 1927இல் எழுதியது வேறு. மோனோங்கஸ்கள் திடீரென்று பெருகுகின்றன, திடீரென்று குறைகின்றன. அவற்றுக்கே நோய்கள் இருக்கின்றன. பீட் நூற்புழு அதன்பாட்டுக்கு இருந்துகொண்டேதான் இருக்கிறது. நம்பி இறங்க முடியாது என்பது அவர் முடிவு. எனக்கும் தோர்ன் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1332ஐ 84 நாளால் வகுத்தால் நாளுக்குப் பதினாறு. அதுவும் இரை கையெட்டும் தூரத்தில் நிறைந்து கிடக்கும் தகட்டில். வேர்முடிச்சு நூற்புழுவின் ஒரு பெண் பசைப்பொதியில் இடும் முட்டைகள் சில நூறு. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே போதும். மோனோங்கஸோ மெதுவாக வளர்ந்து, குறைவாக முட்டையிடுவது. பெருக்கத்தில் ஈடுகொடுக்கவே முடியாது.

இன்னொன்று, இரை வெளியே இருக்கும் நேரம் கொஞ்சம்தான். முட்டையிலிருந்து வந்து வேரைத் தேடும் அந்தச் சில நாட்கள் மட்டுமே குஞ்சு மண்ணில் அலைகிறது. வேருக்குள் புகுந்துவிட்டால் மோனோங்கஸால் பின்தொடர முடியாது, தொட்டால்தானே பிடிக்கும். முடிச்சுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண் புழு அதற்கு எட்டாத கோட்டை.

மண்ணின் துளைகளும் ஒரு எல்லை. மோனோங்கஸின் உடம்பு 40, 50 மைக்ரான் தடிமன். அதைவிடக் குறுகிய துளைக்குள் அது நுழையாது, 15 மைக்ரான் குஞ்சு நுழைந்துவிடும். களிமண்ணில் இப்படி ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். மண் காய்ந்தாலோ, முன்னே சொன்ன நீர்ப்படலம் அறுந்து இருவருமே நின்றுபோவார்கள். அடிக்கடி உழுதால் பெரிய துளைகள்தான் முதலில் நொறுங்கும், அதாவது வேட்டைக்காரரின் பாதைகள்தான் முதலில் அடைபடும்.

புட்டியில் அடைக்க முடியாததற்கு நேரான காரணமும் உண்டு. வளர்க்க வேண்டுமானால் உயிருள்ள நூற்புழுக்களைத் தொடர்ந்து தீனியாகப் போட வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தின்னும். உலர்த்தி உறங்க வைத்து அனுப்பவும் முடியாது. சில நூற்புழுக்கள் காய்ந்து சுருண்டு மாதக்கணக்கில் கிடந்து நீர் பட்டதும் எழும், மோனோங்கஸுக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைவு. பாக்டீரியா கொடுத்தே வளர்க்கக்கூடிய, வாசனை பிடித்து இரையைத் தேடும் டிப்ளோகாஸ்டர் வகையறாவின் மேல்தான் பிற்கால ஆய்வாளர்கள் நம்பிக்கை வைத்தார்கள், அது நியாயமும் கூட. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பிரிஸ்டியோங்கஸ் பசிஃபிகஸ் ஒரே மரபணுத் தொகுப்போடு இரண்டு விதமான வாய் எடுக்கக்கூடியது: குறுகிய வாயோடு வளர்ந்தால் பாக்டீரியா தின்னி, இரு பற்களோடு அகன்ற வாயாக வளர்ந்தால் வேட்டைக்காரர். ஜெர்மனியின் டியூபிங்கனில் ரால்ஃப் சோமரின் குழு இந்த வாய் மாற்றத்துக்கான மரபணு சுவிட்ச் ஒன்றை 2013இல் கண்டுபிடித்தது. தன் உறவுப் புழுவைக் கடிக்காமல் விடும் அடையாளம் அதன் தோலில் ஒரு சிறு புரதமாக இருக்கிறது என்று 2019இல் காட்டினார்கள். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

அப்படியானால் மோனோங்கஸால் பயனே இல்லையா? அப்படி இல்லை. மருந்து போல ஊற்ற முடியாது என்பதுதான் நான் சொல்வது. இருக்கும் இடத்தில் அது செய்யும் வேலை பெரியது.

2019இல் உலகம் முழுவதிலிருந்தும் 6759 மண் மாதிரிகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, மேல்மண்ணில் மொத்தம் 44க்குப் பின்னால் பத்தொன்பது சுழியம் போட்ட அளவில் நூற்புழுக்கள் இருப்பதாக மதிப்பிட்டது. பாக்டீரியா தின்பவை அதில் நாற்பது சதத்துக்கும் மேல். வேட்டையாடுபவை நூற்றுக்கு நான்கைந்து. காட்டில் மானும் புலியும் இருக்கும் விகிதத்தை நினைத்தால் இது வியப்பே இல்லை. இந்தச் சில பேர் பாக்டீரியா தின்னிகளையும் பூஞ்சை தின்னிகளையும் ஓர் அளவுக்குள் வைக்கிறார்கள். தின்னப்பட்ட ஒவ்வொரு புழுவிலும் உள்ள நைட்ரஜனில் உடம்புக்கு வேண்டியது போக மீதி அம்மோனியமாக மண்ணுக்குத் திரும்பி, வேருக்குக் கிடைக்கிறது. பாக்டீரியாவில் நைட்ரஜன் விகிதம் நூற்புழுவின் உடம்பில் இருப்பதைவிட அதிகம் என்பதால் பாக்டீரியா தின்னும் படியிலேயே இந்தக் கழிவு தொடங்கிவிடுகிறது. வேட்டைக்காரர் அடுத்த படி.

நெதர்லாந்தின் டாம் போங்கர்ஸ் 1990இல் மண்ணின் நிலையை நூற்புழுக்களை வைத்தே அளக்க ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒன்று முதல் ஐந்து வரை. எருக்குழியில் திடீரென்று பெருகி மறையும் வகைகளுக்கு ஒன்று. நிதானமாக வளர்ந்து, சிறு தொந்தரவையும் தாங்காத வகைகளுக்கு ஐந்து. மோனோங்கஸுக்கு நான்கு. ஆழ உழவு, நூற்புழுக்கொல்லி, அளவு மீறிய உப்பு உரம், கன உலோகம் எது வந்தாலும் முதலில் காணாமல் போகிறவர்களில் இவர்கள் உண்டு, திரும்பி வர வருடங்கள் ஆகும். வேர்முடிச்சுப் புழுவோ அடுத்த பயிருக்கே திரும்பிவிடும். நூற்புழுக்கொல்லி போட்ட வயலில் இரண்டாம் பருவத்தில் முடிச்சு கூடிவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் இந்த வேகவித்தியாசத்தைத்தான் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் பாத்திக்கு வருகிறேன். இப்போது இருக்கும் முடிச்சுக்கு மோனோங்கஸை எதிர்பார்க்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் வேரை மண்ணில் விடாமல் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் முட்டைகள் இருக்கும். அடுத்து தக்காளி, கத்தரி, வெண்டை வைக்காமல் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேரில் உள்ள பொருள் இந்தக் குஞ்சுகளுக்கு ஆகாது. வேப்பம் புண்ணாக்கும் உதவும். பாத்தியைக் கோடையில் பாலித்தீன் போட்டு மூடிச் சூடேற்றுவது பலன் தரும், ஆனால் அதில் மோனோங்கஸும் சேர்ந்தே சாகும். ஆகவே நோய் கடுமையாக இருக்கும் பாத்தியில் மட்டும் செய்யுங்கள், தோட்டம் முழுக்க வேண்டாம். மற்ற இடங்களில் மூடாக்குப் போட்டு ஈரம் காத்து, மக்கிய எரு கொடுத்து, கொத்துவதைக் குறைத்தால், பாக்டீரியா தின்னும் நூற்புழுக்கள் பெருகும். அவைதான் மோனோங்கஸுக்கு அன்றாடச் சோறு. செடியைத் தாக்கும் புழு இல்லாத மாதங்களிலும் வேட்டைக்காரரை உயிரோடு வைத்திருப்பது அந்தச் சோறுதான்.

பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஜாவாவில் கொக்கிப்புழுக் குஞ்சுகளை மண்ணில் தேடுவதற்காக 1917இல் பெயர்மன் சொன்ன முறை இன்றும் அப்படியே பயன்படுகிறது. ஒரு புனலின் அடியில் ரப்பர் குழாய் மாட்டிக் கிளிப் போட்டு மூடுங்கள். புனலின் வாயில் சல்லடை, அதன்மேல் டிஷ்யூ பேப்பர், அதன்மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஈர மண். மண் நனையும் மட்டும் தண்ணீர் விட்டு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். உயிருள்ள புழுக்கள் டிஷ்யூ வழியே நெளிந்து இறங்கி, நீந்தத் தெரியாததால் குழாயின் அடியில் போய்ச் சேரும். கிளிப்பைத் தளர்த்தி ஒரு மூடி அளவு தண்ணீரைப் பிடித்து, 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள்.

மண்ணைத் தக்காளிப் பாத்தியிலிருந்து எடுக்காதீர்கள். பல வருடம் கொத்தாத மாமரத்தடியில், இலைச்சருகுக்குக் கீழே, அல்லது கிணற்றடிப் பாசிக்கு அடியில் எடுங்கள். பெரும்பாலானவை சின்னதாக, துறுதுறுவென்று நெளிந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே பருத்து, நிதானமாக, தலையை ஆட்டித் துழாவிக்கொண்டு ஒன்று வந்தால் பெருக்கத்தைக் கூட்டித் தலையைப் பாருங்கள். பீப்பாய் போன்ற அறையும் அதற்குள் ஒற்றைப் பல்லும் தெரிந்தால் அதுதான். குடலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்; பழுப்பு நிறத் துகள்களுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று கிடந்தால், அது எங்கோ ஒரு வேரைக் குத்தப் போய்க்கொண்டிருந்த புழுவினுடையது.